சலூன் கண்ணாடியில் பதினொரு பேர்

இந்த ஒரு சங்கதியை மட்டும் எழுதாமலே தொடரை முடித்துவிடலாம் என்று இத்தனை வாரமும் நினைத்திருந்தேன். இன்று நேற்றல்ல, வருஷக்கணக்கான தயக்கம். மூன்று தடவை விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்து, தாளின் தலையில் பிள்ளையார் சுழியும் போட்டுவிட்டு, கீழே ஒரு வரி ஓடாமல் மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டேன்.

நான் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். எழுத்துப் பிழை வருமே என்ற பயம் எனக்கில்லை. அதைத் திருத்தப் பத்திரிகையில் ஆள் இருக்கிறார்கள். இந்தச் சங்கதியில் ஒரு தப்பு நடந்திருக்கிறது. அதைச் செய்தவன் நான். அதை யாரும் திருத்தித் தர முடியாது. அதுதான் தயக்கம்.

போன வாரம் ஹட்டன் கடைவீதியைப் பற்றி எழுதும்போது சின்னையா அண்ணனின் சலூனை ஒரு வரியில் தொட்டுவிட்டு ஓடிவிட்டேன். வாசகர்கள் விடவில்லை. மஸ்கெலியாவிலிருந்து ஒருவர், "கண்ணாடியில் பதினொரு பேர் எழுதுவார்கள் என்று எங்கள் அப்பாவும் சொல்லியிருக்கிறார். அதில் கோல் கீப்பர் யாரென்று ஏன் சொல்லாமல் போனீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். இதோ சொல்கிறேன் ஐயா. மாரியம்மன் துணை.

சோப்பு நுரையில் ஒரு டீம்

அறுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு நல்ல வெயில். பஸ் நிலையத்தில் சிவனொளிபாத மலை ஏற நல்லதண்ணிக்குப் போகிற யாத்திரைக் கூட்டம் வெள்ளை வெள்ளையாக நிற்கிறது. அதற்கு எதிரே சலூன். உள்ளே இரண்டு நாற்காலி, காத்திருப்பவர்கள் உட்கார ஒரு நீள வாங்கு, சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. படிகாரமும் ஈரத்துண்டும் கலந்த வாசனை.

ஞாயிறு காலையில் அங்கே முடி வெட்ட வருபவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் வழக்குப் பேச வருவார்கள். வழக்கு எப்போதும் ஒன்றே ஒன்று. எங்கள் ஊர்க் கல்லூரியின் கால்பந்து டீம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஆடியவர்களில் ஆகச் சிறந்த பதினொரு பேர் யார்?

சின்னையா அண்ணன் சவர சோப்பை விரலில் தொட்டுக் கண்ணாடியில் பெயர்களை எழுதுவார். கீழே கோல் கீப்பர். அதற்கு மேலே இரண்டு ஃபுல் பேக், மூன்று ஹாஃப், ஐந்து போர்வட். நுரை காயக் காயப் பெயர்கள் உதிரும். யாருடைய பெயர் உதிர்ந்தாலும் அவருடைய ஆட்கள், "அண்ணே, நம்ம ஆளை இன்னொருக்கா எழுதுங்க" என்று சத்தம் போடுவார்கள். பதினொரு பேருக்கும் நடுவில் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நாங்கள் முடி வெட்டிக்கொள்வோம்.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. நாற்காலியில் இருப்பவன் வழக்கில் வாய் திறக்கக் கூடாது. சவரக் கத்தி கழுத்தில் இருக்கும்போது பேசினால் ரத்தம்தான். யாராவது அளவுக்கு மீறிக் கத்தினால் சின்னையா அண்ணன் துண்டை உதறி, "வா தம்பி, உன் முறை" என்று நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார். வாய் கட்டின மாதிரி.

அதிகமாக அந்த நாற்காலியில் உட்கார வேண்டி வந்தது ஆரோக்கியத்துக்குத்தான். கல்லூரி டீமில் வலது ஃபுல் பேக்காக ஆடியவன். பிறகு ரயில்வே ஸ்டேசன் கூட்ஸ் ஷெட்டில் வேலை. கழுத்தும் குரலும் ஒரே தடிமன்.

"ஜப்பார் அடிச்ச பந்து வலையைக் கிழிச்சுக்கிட்டுப் போச்சு, நான் கண்ணால பாத்தேன்" என்று ஒருவர் ஆரம்பிப்பார்.

"வலையா? நம்ம கிரவுண்டுல அப்ப ஏதுய்யா வலை? ரெண்டு கம்பமும் மேல ஒரு குறுக்குக் கட்டையும்தான். கிழிஞ்சது ஜப்பாரோட கால்சட்டையா இருக்கும்" என்பான் ஆரோக்கியம்.

அந்த ஞாயிறு வழக்கமான ஞாயிறு இல்லை. கல்லூரி ஆண்டு விழாவுக்காக மண்டபத்தில் ஒரு பலகை மாட்டுவதாக ஏற்பாடு. அதில் ஆகச் சிறந்த பதினொருவரின் பெயரைத் தங்க நிறத்தில் எழுதவேண்டும். கல்லூரிக் குழு கூடிக் கூடிப் பேசியும் ஐந்து பேருக்கு மேல் ஒத்துவரவில்லையாம். கடைசியில், "சின்னையா கண்ணாடியில் இருக்கிறதை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று ஒரு மாஸ்டரை அனுப்பிவிட்டார்கள். அவர் கொப்பியும் பேனாவுமாக வாங்கில் உட்கார்ந்திருந்தார். இதுவரை தண்ணீர் விட்டுத் துடைத்த வழக்கு, அன்றைக்கு மரத்தில் ஏறப் போகிறது.

பத்துப் பேர் ஒருவழியாக முடிவானார்கள். மிச்சம் கோல் கீப்பர்.

"சோமபால" என்றான் ஆரோக்கியம். "பேச்சே இல்ல."

"ஏன், மாணிக்கம்?" என்று மூலையில் ஒருவர் இழுத்தார்.

"எந்த மாணிக்கம்? கை இழுத்தானா?"

சலூனே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மாணிக்கம் என் மனைவி லெட்சுமியின் தம்பி.

பாப்பாவுக்கு வைத்த நேர்த்தி

இந்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் பின்னால் போகவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் ஹட்டனை ஒட்டிய ஒரு தோட்டத்தில் ஸ்டோரில் வேலை செய்தேன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். தாய் தகப்பன் போனபிறகு மாணிக்கம் எங்களோடேயே இருந்தான். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் எங்களுக்கு ஒரே காம்பரா, ஒற்றை அறை. அதற்குள் நான், லெட்சுமி, அவன், எங்கள் கைக்குழந்தை பாப்பா. லயத்துப் பிள்ளைகளில் கல்லூரிப் படி ஏறியவர்கள் அந்தக் காலத்தில் விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களில் அவன் ஒருவன்.

படிப்பு சுமார். ஆனால் கம்பங்களுக்கு நடுவில் நின்றான் என்றால் ஆள் வேறு. இரண்டு கையையும் விரித்தால் லயத்து வாசல் அடைபடும். ஸ்டோரில் கொழுந்து மூட்டையை மாடியிலிருந்து போடும்போது கீழே நின்று ஒற்றைக் கையால் வாங்கிப் பழகியவன். பந்து அவனிடம் வந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரு வருஷம் முழுக்க நாலே நாலு கோல்தான் விட்டான்.

பாப்பாவுக்கு இரண்டு வயதிருக்கும்போது காய்ச்சல் கண்டது. தோட்டத்து டொக்டர் ஐயா மருந்து கொடுத்தார், டவுன் ஆஸ்பத்திரியிலும் வைத்துப் பார்த்தோம். பதினோராம் நாள் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. நான் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் விழுந்து, "ஆத்தா, பிள்ளையைக் கொடு. திருவிழாவில் தீ மிதிக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். மூன்றாம் நாள் பாப்பா பால் கேட்டு அழுதாள். மருந்தும் வேலை செய்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் என் கணக்கு அம்மனோடுதான்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஸ்டோரில் தேயிலைப் பெட்டி ஒன்று சரிந்து என் வலது பாதத்தில் விழுந்தது. இரண்டு எலும்பு போய்விட்டது. கட்டுப் போட்ட காலோடு தீ மிதிக்க முடியுமா? லெட்சுமி அழுதாள்.

மாணிக்கம்தான் சொன்னான். "அக்கா, இதுக்கு ஏன் அழுவுற? நான் தாய்மாமன். மச்சான் வச்ச நேர்த்தியை நான் செஞ்சா ஆத்தா வேணாம்னா சொல்லப் போறா?"

மறுநாளே பூசாரி அவன் வலது மணிக்கட்டில் காப்பு கட்டினார். மஞ்சள் தோய்த்த மூவிழை நூல், நடுவில் ஒரு மஞ்சள் துண்டு, வேப்பிலை. எட்டு நாள் விரதம். காப்பு கட்டியவன் செருப்புப் போடக் கூடாது, தோல் தொடக் கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது.

எல்லையும் தோலும்

மழையால் தள்ளிப்போயிருந்த கடைசி மெச், சரியாக அந்த எட்டு நாளுக்குள் வந்து விழுந்தது. கண்டிப் பக்கத்துக் கல்லூரியோடு. சமமாக முடிந்தாலே கேடயம் எங்கள் ஊருக்கு. அதுவரை ஒரு தடவையும் வராத கேடயம்.

ஆரோக்கியமும் இன்னும் இரண்டு பையன்களும் சீருடையோடு லயத்துக்கே வந்துவிட்டார்கள். "பூசாரி ஐயா, அவனை ஒரு மத்தியானம் மட்டும் விடுங்க. ஆடிட்டு நேரா கொண்டாந்து விட்டுர்றோம்."

கோயில் முன்னால் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. கல்லூரி கிரவுண்டு டவுனில் இருக்கிறது, அது எல்லைக்கு வெளியே என்று கோயில் கமிட்டித் தலைவர் சொன்னார்.

எங்கள் பூசாரி குள்ளமான மனிதர். வெற்றிலைக் காவி ஏறிய பல். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அந்தக் கிரவுண்டு முந்தி என்னா?"

"முந்தி நம்ம ஏழாம் நம்பர் மலைங்க. தேயிலையைப் பிடுங்கிட்டுத் தொரை கல்லூரிக்கு எழுதிக் குடுத்தாரு."

"தொரை எழுதிக் குடுத்தாரு. ஆத்தா எழுதிக் குடுத்தாளா? இப்பவும் வருஷா வருஷம் எல்லை கட்ட எங்க போறேன்? கிரவுண்டுக்கு அங்கிட்டு இருக்கிற ஓடைக்குத்தானே போய் எலுமிச்சங்காய் வெட்டுறேன்? அப்ப கிரவுண்டு ஆத்தா எல்லைக்குள்ளதான் இருக்கு. போய் ஆடட்டும்."

பையன்கள் துள்ளினார்கள். தலைவர் விடவில்லை. "சரிங்க, எல்லை போகட்டும். பந்து மாட்டுத் தோலாச்சே. கையால புடிக்கணுமே, தலையால முட்டணுமே."

பையன்கள் சீருடையை மடிக்கத் தொடங்கினார்கள். உண்மைதானே.

பூசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு, கோயில் தூணில் தொங்கிய தப்பு மேளத்தைக் காட்டினார். "இது என்னா, பட்டுத் துணியா? இதும் தோலுதான். இதை அடிச்சாத்தான் ஆத்தா எறங்கி வர்றா. இதைத் தொட்டா தீட்டில்ல, அதைத் தொட்டா தீட்டா? ஆனா ஒண்ணு. சப்பாத்து மட்டும் போடாத. வெறுங்காலோட ஆடு. ஆடி முடிச்சு, குளிச்சுட்டு வந்து படு."

இப்படியும் ஒரு மனிதர். அவரை அன்றைக்கு நான் இன்னும் கொஞ்சம் நம்பியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

இடைவேளை

மெச் பார்க்க நான் ஊன்றுகோலோடு போனேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு காலித் தேயிலைப் பெட்டியைப் போட்டு, கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன். கிரவுண்டைச் சுற்றிக் கடைவீதி முழுக்க வந்திருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையோடு மேட்டில் நின்றார்கள்.

முதல் பாதியில் மாணிக்கம் ஆடியதைப் போல அதற்கு முன்னும் பின்னும் நான் யாரும் ஆடிப் பார்த்ததில்லை. ஐந்து பந்து. ஐந்தும் கோல் என்று எதிர்ப்பக்கம் கையைத் தூக்கிய பந்து. ஐந்தும் அவன் நெஞ்சோடு. கடைசிப் பந்தைக் குத்தி வெளியே தள்ளும்போது மணிக்கட்டு மரக்கம்பத்தில் உரசிவிட்டது.

இடைவேளையில் எல்லோரும் நடுவில் தோடம்பழச் சுளை தின்னப் போனார்கள். அவன் மட்டும் என்னிடம் வந்து கையைக் காட்டினான்.

"மச்சான், ரெண்டு இழை போச்சு. ஒண்ணுதான் நிக்குது."

பார்த்தேன். மஞ்சள் துண்டு ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது.  பதினோராம் நாள் பாப்பா கிடந்த கிடை கண் முன்னால் வந்து நின்றது.

அப்போது நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன். "பாத்து மாப்ள. அது பாப்பா உசுருக்குக் கட்டினது."

அவன் நூலைத் தடவிப் பார்த்தான். பக்கம் மாறி எதிர்க் கம்பத்துக்குப் போனான்; நானும் ஊன்றுகோலோடு பின்னாலேயே போனேன்.

இரண்டாம் பாதியில் அவன் இடது கையாலும் நெஞ்சாலும் முழங்காலாலும் ஆடினான். வேறு யாருக்கும் அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. முடிய இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும்போது அவர்களுக்கு ஒரு கோர்னர். வலது கம்பத்தை ஒட்டி நின்றிருந்த ஆரோக்கியம், அவர்களுடைய நெட்டைப் பையன் ஒருவனை மறிக்க முன்னால் ஓடினான். பந்து யார் காலிலோ பட்டுத் திரும்பி, வலது மூலைக்கு உயரே வந்தது.

மாணிக்கத்தின் வலது கை மேலே போனது. போன கை பாதியில் நின்றது. கீழே இறங்கியது. இடது கையைக் குறுக்கே வீசிப் பாய்ந்தான். பந்து விரலுக்கு ஒரு சாண் மேலாகப் போய்க் கோலுக்குள் விழுந்தது. அந்த ஒரே கோலில் கேடயமும் போய்விட்டது.

கையை அவன் இறக்கியதைக் கிரவுண்டே பார்த்தது. ஏன் இறக்கினான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆரோக்கியம் மண்ணில் முட்டிபோட்டு அழுதான். எழுந்தவன் மாணிக்கத்தைப் பார்த்து, "ஏன்டா கையை இழுத்தே? பந்தைக் கண்டு பயந்துட்டியா?" என்று கத்தினான். மாணிக்கம் கம்பத்துக்குப் பின்னால் பந்தை எடுக்கப் போய்விட்டான். அன்றைக்கு வைத்த பெயர்தான் "கை இழுத்தான்".

பூசாரி கேட்ட கேள்வி

தீ மிதிப்பு குறைவில்லாமல் நடந்தது. பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு மாணிக்கம் பூவில் நடப்பதுபோல் நடந்தான். காலில் ஒரு கொப்புளம் இல்லை.

காப்பு அவிழ்க்கும்போது பூசாரி அந்த ஒற்றை இழையைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட புத்திகெட்டவனுங்களா! அறுந்தா அறுந்துட்டுப் போகுது. இன்னொரு நூலை மஞ்சள்ல நனைச்சுக் கட்டியிருக்க மாட்டேனா? ஆத்தாளுக்கு நூலாடா பெருசு? ஏன்டா வேலு, உனக்கு அவ மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?"

மாணிக்கம் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

கோயிலை விட்டு இறங்கும்போது அவன் என் கையைப் பிடித்தான். "மச்சான், இது வெளிய போகக் கூடாது. அக்காவுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிரும். பாப்பா வளர்ந்து, தன்னாலதான் மாமன் பேர் கெட்டுச்சுன்னு நெனைக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். கோயில் பக்கம் பார்த்துப் பண்ணினேன்.

அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொடவில்லை. நோட்டன் பிரிட்ஜில் மின்சார வேலைத்தளத்துக் களஞ்சியத்தில் வேலை கிடைத்துப் போனான். ஹட்டனுக்கு வந்தால் சின்னையா அண்ணன் கடைப் பக்கம் தலை காட்டமாட்டான். முடியை நோட்டனிலேயே வெட்டிக்கொள்வான். வாரா வாரம் அந்தக் கண்ணாடியில் சோமபாலவின் பெயர் எழுதப்படுவதை நான் வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சோமபால நல்ல கீப்பர்தான். அவனைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்தது எனக்குத் தெரியுமே.

லெட்சுமி

பலகை விஷயம் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. சோப்பில் எழுதுவது வேறு, பலகையில் எழுதுவது வேறு. அந்த ஞாயிறு காலை, லெட்சுமி ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும்போது சத்தியத்தை உடைத்தேன். அம்மனிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அவள் மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கல்லில் கிடந்த ரொட்டி கருகியது. அழுவாள் என்று நினைத்தேன்.

"ஏங்க, பத்து வருஷத்துக்கு மேலா என் தம்பியை ஊரே பேசுச்சு. அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்து முடி வெட்டிக்கிட்டு வந்தீங்களா?"

"சத்தியம் பண்ணியிருந்தேன் புள்ள."

"மனசு ஒடையாம இருக்க நான் என்னா சட்டியா? அவன் சின்னப் பய, சொல்லுவான். உங்களுக்கு எங்க போச்சு புத்தி?" கருகிய ரொட்டியை எடுத்து என் முன்னால் போட்டாள். "இதைத் தின்னுட்டுப் போங்க. போய் அங்க சொல்லிட்டு வாங்க. சொல்லாம வந்தீங்கன்னா நாளைக்கும் இதே ரொட்டிதான்."

நாற்காலிச் சட்டம்

இப்போது சலூனுக்குத் திரும்புகிறேன். "கை இழுத்தானா?" என்று ஆரோக்கியம் கேட்டு எல்லோரும் சிரித்த இடம்.

அவன் மேலும் கத்த ஆரம்பித்ததும் சின்னையா அண்ணன் துண்டை உதறினார். "வா தம்பி, உன் முறை." முகமெல்லாம் நுரை பூசி, ஒரு கன்னம் வழித்து முடித்துக் கத்தியைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். மாஸ்டர் கொப்பியில் கோல் கீப்பர் என்று எழுதி, பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்.

நான் எழுந்து நின்றேன். அந்தக் கடையில் அதுவரை நான் எழுந்து பேசியதில்லை.

"மாஸ்டர், கையை இழுத்தது மாணிக்கம் இல்லீங்க. நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். தேயிலைப் பெட்டி, நேர்த்தி, ஒற்றை இழை, இடைவேளையில் நான் சொன்ன வார்த்தை, பூசாரி என்னைக் கேட்ட கேள்வி. எனக்குப் பேசத் தெரியாது.   கண்ணாடிக்குள் ஆரோக்கியத்தின் முகம் தெரிந்தது. கத்தி கழுத்தில் இருந்ததால் அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. கண் மட்டும் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நுரை இருந்த கன்னத்தில் கண்ணீர் ஒரு கோடாக இறங்கியது.

சின்னையா அண்ணன் கத்தியை எடுத்தார். ஆரோக்கியம் துண்டை உருவிப் போட்டுவிட்டு எழுந்தான். ஒரு கன்னம் சுத்தம். ஒரு கன்னம் நுரை.

"கோல் கோல்தான்" என்றான். "ஆத்தாளுக்காக வுட்டாலும் கோல்தான். மாஸ்டர், எதை வேணா எழுதிக்குங்க. வேலண்ணே, வாங்க."

"எங்க?"

"நோட்டனுக்கு. பஸ் நிக்குது."

நோட்டன் பஸ்

பலகை என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். வழக்கை முடித்து வைக்க ஆரோக்கியம் இல்லாததால், மாஸ்டர் கோல் கீப்பருக்கு நேரே இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டு போய்விட்டார். கல்லூரியிலும் யாருக்கும் ஒன்றை அடிக்க மனசு வரவில்லை. "ஆகச் சிறந்த பதினொருவர்" என்று மேலே எழுதி, கீழே பன்னிரண்டு பெயரோடு அந்தப் பலகை ஏறியது. பார்க்க வந்தவர்கள் எண்ணி எண்ணிச் சிரித்தார்கள்.

பஸ்ஸில் ஆரோக்கியம் அதே அரைமுக நுரையோடு உட்கார்ந்திருந்தான். யாத்திரைக்கு வந்த ஒரு சிங்கள அம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைலேஞ்சியை நீட்டினார். வாங்கித் துடைத்துக்கொண்டான்.

மாணிக்கத்தின் குவார்ட்டர்ஸ் வாசலில் அவன் சட்டை காயப் போட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முதலில் பயந்துவிட்டான்.

"மச்சான், பாப்பாவுக்கு ஏதாச்சும்?"

"பாப்பா நல்லாருக்கா மாப்ள. நான் சொல்லிட்டேன். எல்லார்கிட்டயும்."

அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் ஆரோக்கியத்தைப் பார்த்தான். பத்து வருஷத்துக்கு மேல் அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

"அது ஒண்ணுமில்ல ஆரோக்கியம்" என்றான் மாணிக்கம். "மச்சான் சும்மா மனசுல போட்டுக் கஷ்டப்படுறாரு. அந்தப் பந்து எப்படியும் எனக்கு எட்டாது."

ஆரோக்கியத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "எட்டாதா? யாருக்கு எட்டாது? உனக்கா? உன் முன்னால மூணு வருஷம் நின்னவன்டா நான். அந்தப் பந்து உனக்கு எட்டும். கண்ணை மூடிக்கிட்டு எட்டும். அன்னைக்கு இலங்கையிலயே அந்தப் பந்தைப் புடிக்க ஒரே ஆள்தான் இருந்தான். அது நீதான். அதனாலதான்டா எனக்கு ஆத்திரம்."

மாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

"நேர்த்திக்காகக் கையை எறக்கினியே, அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல வரல" என்றான் ஆரோக்கியம். குரல் இறங்கிவிட்டது. "மச்சான்கிட்ட காட்டின கையை என்கிட்ட ஒரு தடவை காட்டியிருக்கக் கூடாதா? வலது கை இல்லைன்னு சொல்லியிருந்தா நான் அந்தக் கம்பத்தை வுட்டு அசைஞ்சிருக்க மாட்டேனேடா. என் தலை எதுக்குடா இருந்துச்சு?"

மாணிக்கம் தன் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அது எனக்குத் தோணவே இல்லடா."

எனக்கும் தோன்றவில்லை. பூசாரியைக் கேட்கலாம் என்று தோன்றவில்லை, பக்கத்தில் நிற்பவனிடம் சொல்லலாம் என்றும் தோன்றவில்லை. அம்மன் அன்றைக்கு இரண்டு வழி வைத்திருந்தாள். நான் மூன்றாவதாக ஒன்றைக் காட்டிவிட்டேன்.

மாணிக்கம் உள்ளே போய்த் தண்ணீரும் சவரக் கத்தியும் கொண்டுவந்தான். ஆரோக்கியம் வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை நீட்டினான். மிச்சமிருந்த கன்னத்தை மாணிக்கம் வலது கையால் வழித்துவிட்டான்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்தக் கதை ஏற்கெனவே பலவிதமாக ஊரில் உலவுகிறது. மாரியம்மனே வந்து மாணிக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள் என்று சிலர் சொல்கிறார்கள். அவள் பிடிக்கவில்லை. ஆரோக்கியம் பொல்லாதவன் என்று சிலர் சொல்கிறார்கள். அவன் பொல்லாதவன் இல்லை. நீங்கள் யாரிடமாவது சொல்வதானால் இங்கே எழுதியபடியே சொல்லுங்கள். மாணிக்கத்தைப் பெரிய பக்திமானாக்கவும் வேண்டாம், எனக்காக இரங்கி இடைவேளையில் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை விட்டுவிடவும் வேண்டாம்.